நூற்றுக்கு எட்டு

மினியாபொலிஸ்
டிசம்பர் 3

அக்கா,

மறு எண்ணிக்கையும் முடிந்துவிட்டதை நேற்று செய்தியில் பார்த்தேன். மூன்று லட்சம் வாக்குகளில் 312 குறைவு. உன்னைக் கூப்பிட நான்கு தடவை போனைக் கையில் எடுத்து நான்கு தடவையும் கீழே வைத்தேன். போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே பனி எவ்வளவு விழுந்தது என்று கேட்க ஆரம்பித்துவிடுவேன். நம் குடும்பத்தில் எல்லாரும் அப்படித்தானே. அதனால்தான் இந்தக் காகிதம்.

இங்கே பத்திரிகை ஆபீசில் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் தேர்தலைக் கணிப்பது எப்போதுமே கண்டம்தான், நல்ல நல்ல ஆட்களெல்லாம் அதில் கவிழ்ந்திருக்கிறார்கள். பிரதிநிதிகள் சபையை எந்தக் கட்சி பிடிக்கும் என்று செப்டம்பரில் நான் சொன்னேன், அது அப்படியே நடந்தது. ஆனால் கைதட்டு அதற்கில்லை. ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று, "சொந்த அக்கா நிக்கிற தொகுதி. ஆனாலும் நூத்துக்கு எட்டுதான் வாய்ப்புன்னு போட்டான் பாருங்க, அவன்தான் ஆளு!" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். கேக் வெட்டினார்கள். நான் அதைச் சாப்பிட்டேன்.

அந்த எட்டு பொய், அக்கா.

எங்கள் தொழிலில் இது வழக்கம்: இளைஞர்கள் போனை எடுப்பதே இல்லை, அதனால் எடுக்கிற ஒருவனை எடுக்காத பலருக்கும் சேர்த்து எண்ணுவோம். உன் தொகுதியில் 512 பேர் எங்களிடம் பேசினார்கள். அதில் ஆறு பேர் வான்கோழி ஆலை இருக்கும் வில்ஃபோர்ட் பக்கத்து இளைஞர்கள். ஒவ்வொருவனும் ஒன்பது பேருக்குச் சமம். ஆறு பேரும் உனக்குத்தான் என்றார்கள். வழக்கம்போல் கூட்டியபோது நீ ஒரு புள்ளி முன்னால் இருந்தாய். அதைப் பார்த்த பிறகு, யாரையும் மூன்று பேருக்கு மேல் எண்ணக் கூடாது என்று ஒரு வரம்பு போட்டேன். நீ ஆறு புள்ளி பின்னால் போய்விட்டாய். அப்படி ஒரு வரம்பு போடுவது தப்பில்லை, நிறையப் பேர் போடுகிறார்கள். ஆனால் விடையைப் பார்த்த பிறகு விதியை எழுதினேன் பார், அதைத்தான் எங்கள் தொழிலில் யாரும் செய்யக் கூடாது.

அக்காவுக்குச் சாதகமாகப் போட்டான் என்று ஊர் பேசுமே என்று பயந்தேன். அவ்வளவுதான்.

அப்பாவின் சாம்பலைத் தேவாலயத்து அலமாரியில் வைத்திருப்பதாகப் பாதிரியார் சொன்னார். பனியில் மண் இறுகிவிட்டது, மே மாதம்தான் தோண்ட முடியுமாம்.

கர்ட்

*

ரோஸ்வால்
டிசம்பர் 12

கர்ட்,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். பிறகு போனில் உன் எண்ணைத் தடை செய்தேன். இனி என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தபால்தலை ஒட்டி அனுப்பு. எழுத்தில் இருக்கட்டும்.

அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை. ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் நின்று உன்னைக் கூப்பிட்டேன். "பத்திரிகைல வந்ததை விடு. தம்பியா சொல்லு, எனக்கு ஏதாவது வாய்ப்பு இருக்கா?" என்று கேட்டேன். நீ ஒரு மூச்சு விட்டாய். "நூத்துக்கு எட்டு, அக்கா" என்றாய். பத்திரிகையில் நீ போட்டதை என் காதுக்கு நேராகவும் சொன்னாய். ஊருக்குச் சொன்ன பொய்யாவது பயத்தில் சொன்னது என்று வைத்துக்கொள்ளலாம். எனக்குச் சொன்னது?

நீ 'எட்டு' என்று எழுதிய மறுநாளே கட்சி என் நாற்பது தொண்டர்களைப் பக்கத்துத் தொகுதிக்கு மாற்றியது. "உங்களுக்குக் கோபம் வரக் கூடாது மாரிட், தம்பியே சொல்லிட்டாரே" என்றார்கள். நான் என்ன சொல்ல முடியும்? கடைசி வாரத்தில் ஏழு ஊர் வைத்திருந்தேன். வில்ஃபோர்ட் ஆலை வாசலில் மதியம் இரண்டு மணி ஷிஃப்ட் விடும்போது நிற்பதாக வாக்கு கொடுத்திருந்தேன். எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டு அப்பா வீட்டுக்கு வந்தேன். சனிக்கிழமை அப்பா போனார், செவ்வாய்க்கிழமை நான் தோற்றேன். உன் கணக்கு சரியாக வந்துவிட்டது, கேக்கும் கிடைத்துவிட்டது. ருசியாக இருந்திருக்கும்.

வேறு எந்தத் தொகுதிக்காவது அந்த வரம்பைப் போட்டாயா? இதை யாரிடமாவது சொன்னாயா? இரண்டுக்கும் பதில் வேண்டும்.

மே மாதம் அப்பாவை அடக்கம் செய்யும் நாளில் நான் உன் பக்கத்தில் நிற்கப் போவதில்லை. நீ ஒரு நாள் போ. நான் வேறொரு நாள் போய்க்கொள்கிறேன். பாதிரியாரிடமும் சொல்லிவிட்டேன்.

மாரிட் சோர்லி

*

மினியாபொலிஸ்
டிசம்பர் 29

அக்கா,

முழுப் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறாய். வங்கிக்கு எழுதுவதைப் போல. சரி, அது எனக்கு வேண்டியதுதான்.

முதல் கேள்விக்குப் பதில்: உன் தொகுதிக்கு மட்டும்தான். 435 தொகுதிகளில் ஒன்று. இரண்டாவதற்கு: இன்னும் சொல்லவில்லை. சொல்லப் போகிறேன்.

எங்கள் தொழிலில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பதில் சொன்னவர் யாரென்று தேடிப் போகக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அதையும் மீறினேன். கோப்பில் ஊரும் போன் எண்ணும் இருந்தன. வில்ஃபோர்ட்டுக்குப் போய், ஆலைக்கு எதிரே இருக்கும் டக்கேரியாவில், அந்த மெக்சிகோ சாப்பாட்டுக் கடையில், உட்கார்ந்து அந்த ஆறு பேரில் ஒருவனைக் கூப்பிட்டேன். வந்தான். பெயர் எஃப்ரெய்ன், இருபத்து மூன்று வயது. ரப்பர் பூட்ஸோடு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"நீங்க போலீஸா?"

"இல்லப்பா. அக்டோபர்ல உன்கிட்ட போன்ல கேள்வி கேட்ட கம்பெனி."

"அட, அந்தப் பதினெட்டு நிமிஷமா! பாதியில வெக்கலாம்னு பார்த்தேன், அந்தப் பொண்ணு கெஞ்சிச்சு. பரிசு ஏதாவது விழுந்திருக்கா?"

"இல்ல. நீ கடைசியில ஓட்டுப் போட்டியான்னு..."

அவன் சிரித்துவிட்டான். "அந்த அம்மாவுக்குத்தான் போடறதா இருந்தோம். ஸ்கூல்ல பேண்ட் வாத்திய டீச்சரா இருந்தவங்க, என் தங்கச்சிக்கு டிரம்பெட் சொல்லிக் குடுத்தாங்க. ஷிஃப்ட் முடிஞ்சதும் எல்லாரும் ஒரே வேன்ல போறதா பேச்சு. அப்புறம் ராமோன் போன்ல காட்டினான், எட்டு பர்சென்ட்தான்னு. அவங்க தம்பியே போட்டிருக்கானாம். ஆலை கேட்டுக்கு வர்றேன்னாங்க, வரவும் இல்ல. அன்னிக்கு ஒரே ஈரப்பனி வேற. போங்கடா, வீட்டுக்குப் போலாம்னுட்டோம்."

"வேன்ல எத்தனை பேர்?"

"என்னோட சேத்து ஏழு."

வரம்பு போடும் முன் அவனை நான் ஒன்பது பேர் என்று எண்ணியிருந்தேன். ஏழுதான். அவன் உண்மையாகவே பதில் சொல்லியிருக்கிறான், அக்கா. அவன் சொன்னதைப் பொய்யாக்கியவன் நான்தான். அவன் நான் வாங்கிக் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, "அவங்களைப் பார்த்தா டிரம்பெட்காரி ரோசா இன்னும் வாசிக்கிறான்னு சொல்லுங்க" என்றான். சொல்லிவிட்டேன்.

கர்ட்

*

ரோஸ்வால்
ஜனவரி 9

கர்ட்,

எஃப்ரெய்னின் கதையை ஏன் எனக்கு எழுதினாய்? உன் நெஞ்சில் இருக்கும் கல்லைத் தூக்கி என் மடியில் வைக்கவா? வாசலில் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு நிற்காதவள் நான். அது எனக்குத் தெரியாதா? ரோசாவின் பெயரைப் படித்த மறுநாள் பள்ளியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. மேல் ஸ்வரம் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வாள் அந்தப் பெண்.

விஷயத்துக்கு வருகிறேன். ஊர் பேசுமே என்று பயந்தேன் என்று எழுதியிருக்கிறாய். யாருக்கடா கதை விடுகிறாய்? சொந்தக் கல்யாணத்துக்குப் பனி பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்தவன் நீ. ஊர் என்ன சொல்லும் என்று நீ ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. அதற்காக அம்மா எத்தனை தடவை அழுதிருக்கிறாள் என்று உனக்கே தெரியும்.

என் பழைய போன் பட்டியலைப் பார்த்தேன். கணிப்பு வந்த அன்று, அக்டோபர் 26 புதன்கிழமை, மதியம் ஒன்று பத்து, இரண்டு நாற்பது, மூன்றரை, மூன்று தடவை என்னைக் கூப்பிட்டிருக்கிறாய். நான் மேடையிலும் காரிலுமாக இருந்தேன், எடுக்கவில்லை. அந்தக் கருத்துக்கணிப்பின் எண் உன் கைக்கு எத்தனை மணிக்கு வந்தது?

சரியான காரணத்தை எழுது. இல்லாவிட்டால் எழுதாதே.

மாரிட்

*

மினியாபொலிஸ்
ஜனவரி 30

அக்கா,

மூன்று வாரமாகக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் எளிதான செய்தி. வரம்பு போட்டது, ஏன் அது தப்பு, அசல் எண் என்ன, எல்லாவற்றையும் என் பெயரிலேயே பத்திரிகையில் எழுதிவிட்டேன். ஆசிரியர் கத்தவில்லை. "உன் மேசையில உள்ளதை எடுத்துக்க ஒரு பெட்டி தரச் சொல்றேன்" என்றார். வேலை போயிற்று. நல்ல பெட்டிதான், அடியில் டேப்கூட ஒட்டியிருந்தார்கள். கட்டுரையைப் படித்தவர்களில் பாதிப் பேர் இன்னும் என்னை நேர்மையானவன் என்கிறார்கள். அது தாங்க முடியவில்லை. ஏனென்றால் அதில் காரணம் என்று நான் எழுதியதும் உனக்கு முதலில் எழுதியதுதான்.

கணிப்பு நான்கு மணிக்கு வந்தது. உன்னைக் கூப்பிட்டது அதற்கு முன்னால்.

அப்போது ஆறு வாரமாக அப்பா வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் எனக்கு ஆபீஸ். அப்பாவின் கட்டில் ஜன்னலோரம். செம்புள்ளிப் பூச்சிகள் கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருக்கும், அவர் அவற்றை எண்ணிக்கொண்டிருப்பார். அன்று காலை நர்ஸ் வந்து பார்த்துவிட்டு என்னை வராந்தாவுக்கு அழைத்து, "ஒரு வாரம், ஒருவேளை பத்து நாள். கூப்பிட வேண்டியவங்களைக் கூப்பிட்டுருங்க" என்றாள். மதியம் அப்பா விழித்துக்கொண்டார்.

"மாரிட் எங்கே?"

"வேலையா இருக்கா, அப்பா."

"ஆமா, ஆமா. தொந்தரவு பண்ணாதே."

ஐந்து நிமிடத்தில் மறுபடியும், "மாரிட் எங்கே?" அன்று மதியம் மட்டும் பதினோரு தடவை. எண்ணுவது எனக்கும் தொத்திக்கொண்டது. உன்னைக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. மூன்றாவது தடவை குரல் பதிவு செய்து வைத்தேன்: "ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன். நேரம் கிடைச்சா பேசு." போனை வைத்துவிட்டு என்னையே திட்டிக்கொண்டேன். அப்புறம் உன்னைத் திட்டினேன். மூன்று மாவட்டம் தள்ளி யாரோ முன்பின் தெரியாதவர்களின் கையைப் பிடித்துக் குலுக்குகிறாள், இங்கே பிடிக்க வேண்டிய கை சும்மா கிடக்கிறது என்று.

நான்கு மணிக்கு எண் வந்தது. நீ ஒரு புள்ளி முன்னால். பெருமையாகத்தான் இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். மறு நொடியே தெரிந்துவிட்டது: இதைப் போட்டால் தேர்தல் நாளான எட்டாம் தேதிவரை நீ வர மாட்டாய். அப்பாவுக்கு எட்டாம் தேதி கிடையாது.

உன்னை வீட்டுக்கு வரவைக்கும் எண் எது என்று தேடினேன். பாதி வாய்ப்பு என்றால் வர மாட்டாய். கால்வாசி என்றாலும் வர மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். எட்டு போதும் என்று தோன்றியது. எட்டு வருகிற மாதிரி ஒரு வரம்பைப் போட்டேன்.

நீ திங்கட்கிழமை வந்தாய். அப்பா உன் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினார். நான் சமையலறையில் நின்று காபி போட்டுக்கொண்டிருந்தேன், நல்ல காரியம்தான் செய்தேன் என்று நினைத்தேன். அந்த எண்ணம் எட்டாம் தேதி மாலைவரை இருந்தது.

கர்ட்

*

ரோஸ்வால்
மார்ச் 5

கர்ட்,

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. உடனே பதில் எழுதியிருந்தால் எழுதக் கூடாததையெல்லாம் எழுதியிருப்பேன். பனியை வாரிக்கொண்டே உன்னோடு சண்டை போட்டேன். பக்கத்து வீட்டு ஆர்லின் அதைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. மறுநாள் வாசற்படியில் ஒரு பாத்திரம் நிறைய உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் சுடச்சுட இருந்தது, மணிகூட அடிக்காமல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். இந்த ஊரில் யாருக்கும் வாய் கிடையாது, எல்லாவற்றையும் உருளைக்கிழங்கை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

நீ உண்மையைச் சொன்னதால் நானும் சொல்கிறேன்.

அந்தக் குரல் பதிவை நான் கேட்டேன். புதன்கிழமையே கேட்டேன். நான்கே கால் மணிக்கு, ஒரு வரவேற்புக்கு உள்ளே போகும் முன் காரில் உட்கார்ந்தபடி. "ஒண்ணுமில்ல, சும்மாதான்." சோர்லி வீட்டில் ஒருவன் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு 'சும்மாதான்' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். போனைப் பைக்குள் போட்டேன், உதட்டுச் சாயத்தைச் சரி பண்ணிக்கொண்டேன், உள்ளே போய் ஒரு மணி நேரம் பேசினேன். நன்றாகவே பேசினேன். ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது, கர்ட். வாழ்க்கையில் எதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ எட்டு என்று சொன்னபோது எனக்கு முதலில் அழுகை வரவில்லை. நிம்மதியாக இருந்தது. இனி நான் எதையும் முடிவு செய்ய வேண்டாம், எண்ணே முடிவு செய்துவிட்டது, அப்பாவிடம் போகலாம். போகாமல் இருந்ததற்கும் இனி யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள். பெட்ரோல் பங்க் வாசலில் நின்றபடி அப்படித்தான் நினைத்தேன். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

இன்னொன்று. வியாழக்கிழமை நீ மருந்துக் கடைக்குப் போயிருந்தபோது அப்பா தெளிவாகக் கண்ணைத் திறந்தார். "ஜெயிச்சுட்டியா?" என்று கேட்டார். தேர்தலுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. "ஜெயிச்சுட்டேம்பா" என்றேன். "எத்தனை ஓட்டுல?" என்று விடாமல் கேட்டார். "முந்நூறு, அப்பா." வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அப்பாடா, கொஞ்சம்தான்" என்று சொல்லிச் சிரித்தார். அப்பா கேட்ட கடைசித் தேர்தல் முடிவு அதுதான். நானும் ஒரு பொய் எண் போட்டேன். உன்னுடையதைவிட என்னுடையது பக்கமாக வந்தது, பார்த்தாயா?

அந்த ஐந்து நாட்களை நான் யாருக்கும் தர மாட்டேன். அவற்றை எனக்குக் கொடுத்தது நீதான். அதற்காக உன்னை மன்னிக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று.

312 ஓட்டுக்காக இல்லை. எஃப்ரெய்னுக்கும் அவன் வேனில் இருந்தவர்களுக்கும் நீயும் நானும் சேர்ந்துதான் பதில் சொல்ல வேண்டும். நீ "வா" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. "அப்பா கேக்கறார், அக்கா, வா." அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக் கூச்சப்பட்டு, 512 பேரைத் திருப்பி எண்ணி, ஒரு தொகுதியையே கவிழ்த்து, பத்திரிகையில் போட்டு எனக்குத் தெரிவித்தாய். இப்படி ஒரு காரியத்தை நம் வீட்டில் பிறந்தவனால் மட்டும்தான் செய்ய முடியும்.

நீ கேட்டிருந்தால் நான் வந்திருப்பேனா? தெரியவில்லை, கர்ட். ஒரு புள்ளி முன்னால் இருக்கும்போது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்திருப்பேனா? வந்திருப்பேன் என்றுதான் சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் நீ கேட்கவே இல்லை. நான் எப்படிப்பட்ட மகள் என்று இனி எனக்குத் தெரியவே தெரியாது. அதைத்தான் உன்னால் திருப்பிக் கொடுக்க முடியாது.

மாரிட்

*

மினியாபொலிஸ்
ஏப்ரல் 16

அக்கா,

நேற்று தேவாலயத்துக்குப் போனேன். பின்பக்கத்துச் சரிவில் மண் இளகிவிட்டது. பாதிரியார் கம்பியைக் குத்திக் காட்டினார், இரண்டடி இறங்கியது. உனக்கு ஒரு நாள், எனக்கு ஒரு நாள் என்று நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தார். நான் என் நாளை அடிக்கச் சொல்லிவிட்டேன். இனி ஒரே நாள்தான். மே 6, சனிக்கிழமை, காலை பதினொரு மணி. உன் பக்கத்தில் நிற்க எனக்கு அருகதை இல்லை என்றால் வேலிக்கு வெளியே நிற்கிறேன்.

நீ வருவாயா மாட்டாயா என்று பாதிரியார் கேட்டார். இதுதான் என் பிழைப்பாக இருந்தது என்று அவருக்குத் தெரியும், பாவம், சும்மா பேச்சுக்குக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். இந்தத் தடவை கணக்குப் போட்டுப் பார்க்கவே இல்லை.

வா, அக்கா.

கர்ட்